மூன்று ரிப்போர்ட், மூன்று எண்: மார்பகப் புற்றுநோய் வந்த பெண்ணுக்கு எந்தத் தகவல், எப்போது தேவை?

ஈரோடு உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் 2023 இறுதியில் தமிழக அரசு தொடங்கிய புற்றுநோய் கண்டறியும் திட்டத்துக்குப் பிறகு, மார்பில் கட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லும் அழைப்பு கொங்கு நாட்டுக் கிராமங்களுக்குள்ளும் வந்துவிட்டது. பரிசோதனை கூடினால் ரிப்போர்ட்டும் கூடும். அது ஆங்கிலத்தில் இருக்கும். பெரும்பாலும் அந்தப் பெண்ணின் கைக்கு வராமல் மகன் கைக்கோ மருமகன் கைக்கோ போய்விடும்.

தகவலுக்குப் பஞ்சம் என்று சொல்ல முடியாது. யூடியூபைத் திறந்தால் கொட்டுகிறது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள், அதையும் வேறொருவரிடம் சொல்கிறார்கள். ஆறு மாதம் கழித்துத் தேவைப்படுவதை ஆறு மாதம் கழித்துச் சொல்ல ஆளில்லை. அதனால் சிகிச்சை நகரும் வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## எண்களைப் பிரித்துக்கொள்வோம்

மேமோகிராம் ரிப்போர்ட்டில் "பைராட்ஸ் 4" என்று பார்த்ததும் நாலாம் ஸ்டேஜ் என்று எடுத்துக்கொண்டு வீடே இடிந்து உட்கார்ந்துவிடுவது நடக்கிற கதைதான். மூன்று எண்கள் வரும். மூன்றும் மூன்று விஷயம்.

1. பைராட்ஸ் (0 முதல் 6 வரை): படம் பார்த்த மருத்துவருக்கு எவ்வளவு சந்தேகம் என்பதன் அளவு. 0 என்றால் படம் போதவில்லை, இன்னும் ஒன்று எடுக்க வேண்டும். 1, 2 என்றால் பயமில்லை. 3 என்றால் பொதுவாக ஆறு மாதத்தில் மறுபடி படம். 4, 5 என்றால் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். 4 வந்தவர்களில் பலருக்குப் புற்றுநோயே இருக்காது. ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு 6 என்று போடுவார்கள்.

2. கிரேடு (1 முதல் 3 வரை): நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு உருமாறியிருக்கின்றன என்பது. மூன்று அம்சங்களுக்குத் தலா 1 முதல் 3 வரை மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள். 3–5 வந்தால் கிரேடு 1, 6–7 வந்தால் 2, 8–9 வந்தால் 3. இது நோயின் வேகத்தைக் காட்டுகிறது. எவ்வளவு பரவியிருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

3. ஸ்டேஜ் (0 முதல் 4 வரை): பரவலின் அளவு. கட்டி 2 செ.மீ. வரை இருந்தால் டி1, 2 முதல் 5 வரை டி2, 5க்கு மேல் டி3, தோலையோ நெஞ்சுச் சுவரையோ பிடித்திருந்தால் டி4. அக்குளில் நெறி (நிணநீர்க் கணு) பிடித்திருக்கிறதா, எலும்பு, நுரையீரல், ஈரல் பக்கம் போயிருக்கிறதா என்பதையும் சேர்த்துத்தான் ஸ்டேஜ் சொல்வார்கள்.

ஆக, ஒரே பெண்ணுக்குப் பைராட்ஸ் 5, கிரேடு 3, ஸ்டேஜ் 1 என்று வரலாம். அது நன்றாகக் குணமாகக்கூடிய நிலை. ரிப்போர்ட்டை வாங்கியவர் "மூணாவது கிரேடாம்" என்று போனில் சொந்தக்காரர்களுக்குச் சொல்ல, அது மூன்று வீடு தாண்டுவதற்குள் மூன்றாம் ஸ்டேஜ் ஆகிவிடுகிறது.

## சதைப் பரிசோதனையில் எங்கே தப்பு நடக்கிறது

ஊசி குத்தினால் பரவிவிடும் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. அதற்கு ஆதாரமில்லை. உண்மையான கேடு, ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்க்காமலேயே கட்டியை வெட்டி எடுத்துவிடுவதுதான். "கட்டிய எடுத்துப்போட்டாங்க, டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்குதுங்க" என்று புற்றுநோய் மருத்துவரிடம் வந்து சேருபவர்களுக்கு நஷ்டம் பலவிதம். ஓரத்தில் நோய் மிச்சமிருந்தால் மறுபடி ஆபரேஷன். முதலில் கீமோ கொடுத்து, கட்டி எப்படிச் சுருங்குகிறது என்று பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். ஹெர்-2 பாசிட்டிவ், ட்ரிபிள் நெகட்டிவ் வகைகளில் (இவை என்ன என்பது சற்றுக் கீழே வருகிறது) கட்டி 2 செ.மீ.க்கு மேலிருந்தாலோ நெறி பிடித்திருந்தாலோ கீமோதான் முதலில் என்பதால், இது சின்ன இழப்பு இல்லை.

அடுத்தது சதையைப் பாதுகாக்கும் விதம். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அது ஃபார்மலினுக்குள் போக வேண்டும். 10 சதவீத பஃபர் சேர்த்த ஃபார்மலின், சதையைப் போலப் பத்து மடங்கு அளவு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊற வேண்டும். சலைன் பாட்டிலில் போட்டுக் கொடுத்ததை மஞ்சள் பையில் வைத்து, பஸ் பிடித்து, மறுநாள் கோவையில் லேபில் கொண்டுபோய்க் கொடுத்தால், ஹார்மோன் ரிசெப்டர் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். அந்த ஒரு தவறில் ஹார்மோனைத் தடுக்கும் ஐந்து வருட மாத்திரையின் பலன் மொத்தமும் கைவிட்டுப் போகும். குப்பியைக் கையில் வாங்கும்போதே "இது ஃபார்மலினா, எத்தனை மணிக்குப் போட்டீங்க?" என்று கேட்டு, நேரத்தை லேபிளில் எழுதி வாங்குங்கள்.

முடிவு வந்ததும் அந்தப் பெண்ணே தெரிந்துவைத்திருக்க வேண்டிய வரிகள் நான்கு:

1. வகை. பால்குழாய்க்குள்ளேயே நிற்பதா (டிசிஐஎஸ்), அதைத் தாண்டியதா (இன்வேசிவ்).
2. ஈஆர், பிஆர் (ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்ற பெண் ஹார்மோன்களைப் பிடிக்கும் ரிசெப்டர்கள்). 1 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பாசிட்டிவ். சில லேபில் எட்டுக்கு எத்தனை என்று ஆல்ரெட் ஸ்கோராகப் போடுவார்கள்.
3. ஹெர்-2 (செல்லைப் பெருகத் தூண்டும் ஒரு புரதம்). 0, 1+ என்றால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்றால் இரண்டும் இல்லை. ஃபிஷ் என்ற இன்னொரு பரிசோதனை செய்துதான் முடிவு தெரியும். அதற்குத் தனிச் செலவு, வேறு ஊர் லேப் என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். 2+ என்று நின்றுபோன ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.
4. கேஐ-67. பெருகும் செல்களின் சதவீதம். இதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியாகிவிடவும் வேண்டாம்.

ஈஆர், பிஆர், ஹெர்-2 மூன்றும் நெகட்டிவ் என்றால் அதுதான் ட்ரிபிள் நெகட்டிவ்.

சதையை மெழுகில் பதித்த பிளாக் லேபில் இருக்கும். இரண்டாவது மருத்துவரிடம் போகும்போது காகிதத்தை மட்டும் கொண்டுபோகாமல் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு லேபில் மறுபடி பார்க்க அதுதான் வேண்டும்.

## ஃபைல் யார் கையில்?

"ஏனுங்க டாக்டர், அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க." சொல்பவர் பாசத்தில்தான் சொல்கிறார். விளைவு பாசமாக இருப்பதில்லை. என்ன நோயென்று தெரியாத பெண் கீமோவுக்குப் பிறகு வரும் காய்ச்சலைப் பொருட்படுத்த மாட்டார். "புண்ணு ஆறிப்போச்சு, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்துவார். கேட்க வேண்டிய கேள்வி அவருக்கே தெரியாது.

சட்டமும் அவர் பக்கம்தான். 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்காக மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு, வெளியே நின்ற தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்தது செல்லாது, சுயநினைவுள்ள வயது வந்தவருக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். மார்பை முழுதாக எடுப்பதா, கட்டியை மட்டுமா என்று கையெழுத்துப் போடும் இடத்திலும் இதுதான் நிலை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைப் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும்.

எல்லோருக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட வேண்டும் என்பதில்லை. "முழுசாத் தெரிஞ்சுக்கோணுமுங்களா, கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லட்டுங்களா?" என்று அவரிடமே கேட்டால் பாதிச் சிக்கல் தீரும். மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் பங்காளி வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று மறைப்பது வேறு. அது அவர் எடுக்கும் முடிவு. அவரிடமே மறைப்பதற்கு அந்த நியாயம் பொருந்தாது.

## ஆபரேஷனுக்கு முன்: மூன்று கேள்விகள்

1. முழு மார்பையும் எடுக்கத்தான் வேண்டுமா? கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதும், முழுதாக எடுப்பதும் ஆயுளைப் பொறுத்தவரை சமம். அமெரிக்காவிலும் இத்தாலியிலும் நடந்த இரண்டு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002இல் வெளிவந்து இதை உறுதி செய்தன. தாளவாடியிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ வருபவருக்குக் கதிர்வீச்சுக்கு மூன்று வாரம் கோவையில் தங்க முடியாது என்பதால் முழு ஆபரேஷனைத் தேர்ந்தெடுப்பதும் நியாயமான காரணமே. ஆனால் அக்குளில் நெறி நான்கும் அதற்கு மேலும் பிடித்திருந்தால் முழுதாக எடுத்தாலும் கதிர்வீச்சு உண்டு. மார்பைக் கொடுத்தும் பயணம் மிச்சமாகாமல் போகலாம். இதை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

2. கீமோ முதலில் என்றால், கட்டிக்குள் கிளிப் வைத்தார்களா? கீமோவில் கட்டி முழுதாகக் கரைந்துபோனால், எங்கே இருந்தது என்று சர்ஜனுக்கு அடையாளம் வேண்டும்.

3. இனிக் குழந்தை வேண்டுமா? வேண்டுமென்றால் முதல் கீமோவுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கருமுட்டையை எடுத்து உறைய வைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். முப்பது வயதுப் பெண்ணிடம்கூட இதை யாரும் கேட்பதில்லை. மாமியார் எதிரில் அவராக வாய் திறப்பதும் நடக்காது.

அறிகுறி ஏதுமில்லாத முதல், இரண்டாம் ஸ்டேஜில் உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் தேவையில்லை. பணம் இருக்கிறதே என்று எடுத்து, அதில் தெரியும் ஏதோ ஒரு நிழலைத் துரத்திக்கொண்டு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது.

## வீட்டுக்கு வந்தபின்: டியூபும் கையும்

அக்குளில் நெறி எடுத்தவர்கள் பெரும்பாலும் நீர் வடிக்கும் டியூபோடுதான் வீட்டுக்கு வருவார்கள். தினம் காலை ஒரே நேரத்தில் டப்பாவில் சேர்ந்த நீரை மில்லியில் அளந்து, நிறத்தையும் எழுதிவையுங்கள். முதலில் சிவப்பாக வரும். போகப் போக வெளிறிக் கஞ்சித் தண்ணீர் போலாகும். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் எடுத்துவிடுவது வழக்கம். அளந்த கணக்கு இல்லாமல் போனால் "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம்" என்று இன்னொரு நடை நடக்க வேண்டியிருக்கும். டப்பா அமுங்கிய நிலையில் இருந்தால்தான் இழுக்கும். காலி செய்து மூடும்போது அமுக்கி மூட மறந்துவிடுவதுதான் வீட்டில் நடக்கும் பொதுவான தவறு.

கையை அசைக்கக் கூடாது என்று கட்டிப் போட்டு வைத்தால் தோள்பட்டை இறுகிவிடும். ஆபரேஷனுக்கு அடுத்த நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை. டியூப் எடுக்கும் வரை தோளை நெஞ்சு உயரத்துக்கு. டியூப் எடுத்தபின் சுவரில் விரல்களை நடத்தி, தினம் ஒரு கோடு மேலே. தோள் இறுகினால் கதிர்வீச்சு மேசையில் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுக்க முடியாது, சிகிச்சையே தள்ளிப்போகும். பயிற்சியின் இந்தக் காரணத்தை யாரும் சொல்லாததால்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கை வீக்கம் பிறகு எப்போது வேண்டுமானாலும் வரலாம். முழங்கைக்கு மேலே 10 செ.மீ., கீழே 10 செ.மீ. என்று இரண்டு இடத்தில் டேப் வைத்து இரண்டு கையையும் மாதம் ஒருமுறை அளந்தால் போதும். வித்தியாசம் 2 செ.மீ. தாண்டினால் காட்ட வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே ஆன்டிபயாட்டிக் வேண்டும். வாழ்நாள் முழுக்க ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்வதில் உண்மையில்லை. புண் ஆறியபின் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் வீக்கம் அதனால் அதிகரிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பால் கறப்பதும் பருத்தி எடுப்பதும் படிப்படியாக முடியும். தீவனம் அறுக்கும்போது கைக்கு உறை போட்டுக்கொள்ளுங்கள், கீறல் வழியாகத்தான் கிருமி நுழையும்.

மார்பு எடுத்த பக்கத்துக்குச் செயற்கை மார்பு வைத்துக்கொள்ளலாம்: முதல் ஆறேழு வாரம் லேசான பருத்தி நூலில் பின்னியது, புண் ஆறியபின் எடையுள்ள சிலிக்கான். எடை இல்லாமல் விட்டால் கழுத்தும் முதுகும் ஒரு பக்கமாக வலிக்கும். ஜாக்கெட் தைக்கும் டெய்லரிடம் உள்பக்கம் பருத்தித் துணியில் பாக்கெட் வைக்கச் சொன்னால் நழுவாமல் நிற்கும்.

## கீமோ: காலண்டரில் சிவப்பு வட்டம்

ஆபரேஷனுக்குப் பிறகு கீமோ என்றால் நாலு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. மூன்று மாதம் தாண்டினால் பலன் குறைகிறது. "ஆடி முடியட்டும்", "வீட்டுல ஒரு விசேஷம் முடியட்டும்" என்று தள்ளுவதற்கு இடம் அவ்வளவுதான்.

பரவலாகக் கொடுக்கும் வரிசை: டாக்ஸோரூபிசின் என்ற சிவப்பு மருந்தும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் சேர்ந்து நான்கு முறை, பிறகு பாக்லிடாக்சல் வாரம் ஒன்றாக 12 முறை. மொத்தம் 16 நடை. சிவப்பு மருந்து ஏறியபின் ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது ரத்தம் இல்லை. ஏறும்போது ஊசி போட்ட இடத்தில் சுருக்கென்று எரிந்தால் அந்த நொடியே நர்ஸிடம் சொல்லுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் தோலும் சதையும் வெந்து புண்ணாகிவிடும். எதையும் பொறுத்துக்கொண்டு பழகிய பெண்கள் இதையும் பொறுத்துக்கொள்வார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி உயிர் காக்கும் தகவல். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறும் மருந்தென்றால், ஏறிய நாளைத் தினசரிக் காலண்டரில் 1 என்று எழுதுங்கள். அதிலிருந்து 7 முதல் 14 வரை உள்ள தேதிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்கள் அவை. அப்போது:

1. டிஜிட்டல் தெர்மாமீட்டரில் 100.4 (38 டிகிரி செல்சியஸ்) வந்தால், இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரி.
2. பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை அடக்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. சூடு தணியும், கிருமி தணியாது.
3. ஊருக்குள் இருக்கும் கிளினிக்கில் இடுப்பில் ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு வருவதும் வேண்டாம். தட்டணு (ரத்தத்தை உறையவைக்கும் அணு) குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டும்.
4. போன உடன் வாசலிலேயே சொல்ல வேண்டிய வாக்கியம்: "கீமோ ஏறி இத்தனையாவது நாள், காய்ச்சல் இத்தனை." ரத்த அணு எண்ணிக்கை பார்த்து, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும்.

வாய்ப்புண்ணுக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் அதில் பாதி உப்பும் போட்டு நாளைக்கு நாலைந்து முறை கொப்பளிக்கலாம். டோசிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏறுபவர்களுக்கு முந்தைய நாளே டெக்ஸாமெதசோன் மாத்திரை தொடங்கச் சொல்லியிருப்பார்கள். அதை மறந்துவிட்டு வந்தால் அன்றைக்கு மருந்து ஏற்றாமல் திருப்பி அனுப்பவும் கூடும்.

பாக்லிடாக்சலில் விரல் நுனி மரத்துப்போவதைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவரும், பள்ளிபாளையத்துத் தறியில் இழை முடிபவரும் வேறு யாரையும்விட முதலில் உணர்வார்கள். பொத்தான் போட முடியவில்லை, ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்ற அளவுக்கு வந்தால் உடனே சொல்லுங்கள். அளவைக் குறைப்பார்கள். சொல்லாமல் 12ஐயும் முடித்தால் மரமரப்பு வருடக்கணக்கில் நிற்கலாம்.

ஹெர்-2 பாசிட்டிவ் என்றால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஒரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும், இதயத்தின் பம்ப் குறைகிறதா என்று.

சாப்பாட்டில் பத்தியம் பார்த்து உடம்பை இளைக்க வைப்பதுதான் இங்கே பெரிய சிக்கல். கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 50 கிலோ உள்ள பெண்ணுக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் சுமார், 50 கிராம் பருப்பில் 11 கிராம். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளுப் பருப்பு, நன்றாக வேகவைத்த முட்டை, நாட்டுக்கோழிக் குழம்பு எல்லாம் சாப்பிடலாம். குழம்பில் போடும் மஞ்சள் பிரச்சினையில்லை. ஈரோட்டு மஞ்சள் என்று காப்ஸ்யூலாகவும் கரண்டிக் கணக்கிலும் விழுங்குவது வேறு. மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் காப்ஸ்யூல்கள் ஈரலைக் கெடுத்த கேஸ்கள் பதிவாகியிருக்கின்றன. ஈரல்தான் கீமோவையும் கையாள வேண்டும். நாட்டு மருந்து எதுவானாலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

## "கரண்ட் வைக்கறது"

கதிர்வீச்சில் மின்சாரமும் இல்லை, சுடுவதும் தெரியாது. வாரம் ஐந்து நாள் வீதம் 15 முறை என்பது இப்போது பரவலான கணக்கு. படுக்கவைத்துச் சரிபார்க்கத்தான் நேரமாகும், கதிர் விழுவது சில நிமிடம். உடம்பில் கதிர் தங்காது, பேரனைத் தூக்கலாம். போட்டுவிட்ட மைக்கோட்டை அழிக்காதீர்கள், பவுடர் போடாதீர்கள்.

## ஐந்து வருட மாத்திரை

ஆஸ்பத்திரி நடை குறைந்தபின் தொடங்குவது இது. ஈஆர் பாசிட்டிவ் என்றால் சிகிச்சையின் பெரும்பகுதிப் பலன் இந்தச் சின்ன மாத்திரையில்தான் இருக்கிறது. ஐந்து வருடம் டமாக்ஸிஃபென் எடுத்தவர்களிடம் 15 ஆண்டுக் கணக்கில் மார்பகப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இருந்தும், டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் ஒரு பெயராக மட்டும் வந்து நிற்கிறது.

ஈஸ்ட்ரோஜனை வாய்க்கால் நீர் என்று வைத்துக்கொண்டால், டமாக்ஸிஃபென் (தினம் 20 மி.கி.) வயலின் மடையை அடைக்கிறது. லெட்ரோசோல் (2.5 மி.கி.), அனஸ்ட்ரோசோல் (1 மி.கி.) இரண்டும் வாய்க்காலுக்கு வரும் நீரையே நிறுத்துகின்றன. ஆனால் அவற்றால் நிறுத்த முடிவது மாதவிடாய் நின்ற பெண்ணின் உடம்பில் ஊறும் கொஞ்ச ஈஸ்ட்ரோஜனை மட்டும்தான். சினைப்பை வேலை செய்துகொண்டிருந்தால் அதை மீற முடியாது. தவறு நடப்பது இங்கேதான்: 42 வயதில் கீமோவால் தீட்டு நின்றுபோனது மாதவிடாய் முடிந்ததாகாது. அந்த நிலையில் லெட்ரோசோலை மட்டும் கொடுத்தால் சினைப்பை மறுபடி தூண்டப்படும். சினைப்பையை அடக்கும் ஊசியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் டமாக்ஸிஃபென்.

தெரிந்திருக்க வேண்டியவை:

1. லெட்ரோசோலைக் குழந்தையில்லாதவர்களுக்கும் கொடுப்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் "இது கரு தங்கற மாத்திரையாச்சே" என்று சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள்.
2. டமாக்ஸிஃபென் கருத்தடை மாத்திரை இல்லை. அதை எடுக்கும்போது கரு உண்டானால் குழந்தைக்குக் கேடு. காப்பர்-டி வைக்கலாம், ஹார்மோன் கருத்தடை மாத்திரை கூடாது.
3. தீட்டு நின்றபின் ரத்தம் பட்டாலும், ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் வந்தாலும் உடனே காட்டுங்கள்.
4. மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடம் டமாக்ஸிஃபென் எடுப்பதைச் சொல்லுங்கள். ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் இரண்டும் அதன் வேலையைக் குறைக்கும்.
5. லெட்ரோசோலில் மூட்டுவலி வரும், எலும்பு மெலியும். எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன், கால்சியம், வைட்டமின் டி பற்றிக் கேளுங்கள். வலி தாங்காவிட்டால் மாத்திரையை மாற்ற வழி உண்டு. நீங்களாக நிறுத்தினால் மருத்துவருக்கே தெரியாது, நோய்தான் தெரிந்துகொள்ளும்.

## பணம், லீவு, பயணம்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலக மையத்தில் பதிய வேண்டும். இது பணமில்லாச் சிகிச்சை. முன் அனுமதி வாங்கித்தான் தொடங்குவார்கள். கையிலிருந்து கட்டி முடித்துவிட்டுப் பிறகு பில்லோடு போனால் கிடைக்காது. எனவே கார்டு முதல் ஆபரேஷனுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் (சம்பளம் மாதம் 21,000 வரை) வேலை பார்ப்பவருக்குச் சாதாரண நோய் விடுப்பு 91 நாள், 70 சதவீதச் சம்பளம். புற்றுநோய், நீண்டகால நோய்ப் பட்டியலில் வருவதால் நீட்டித்த பலனாக 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கிடைக்கும். அதற்கு இரண்டு வருடம் தொடர்ச்சியாக வேலையில் இருந்திருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் கம்பெனி மாறி மாறி ஓடுபவர்கள் தவறவிடுவது இந்த ஒரு நிபந்தனையை. நோய் தெரிந்த அவசரத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டாலும் போச்சு. முதலில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில் சான்று வாங்குங்கள், வேலையை விடுவதைப் பிறகு யோசிக்கலாம்.

சென்னைக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தால் ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, கூட வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்கிக் கவுன்டரில் கொடுக்க வேண்டும்.

## சிகிச்சை முடிந்தபின்

முதல் மூன்று வருடம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த இரண்டு வருடம் ஆறு முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை கையால் பரிசோதனை. வருடம் ஒரு மேமோகிராம். இவ்வளவுதான். அறிகுறி இல்லாதவருக்கு வருடாவருடம் பெட் ஸ்கேனும் சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையும் ஆயுளைக் கூட்டுவதில்லை. ஸ்கேனைவிட அந்தப் பெண்ணின் வாய்மொழி முக்கியம்: இரண்டு வாரம் தாண்டிய எலும்பு வலி, மூச்சிரைப்பு, விடாத இருமல், தழும்பில் புதிய முடிச்சு, புதிதாகத் தொடங்கிய தலைவலி. "வயசாயிருச்சு, முட்டி வலிக்குது" என்று தள்ளிவிடுவதா, காட்டுவதா என்ற முடிவு அவர் கையில் இருப்பதால்தான் நோயின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ போனவர்களுக்குத் தேவைப்படும் தகவல் வேறு. முழுதாகக் குணமாக்குவது அங்கே நோக்கமில்லை, கட்டுக்குள் வைத்துக்கொண்டு வாழ்வது. ஈஆர் பாசிட்டிவ் என்றால் மாத்திரையிலேயே ஆண்டுக்கணக்கில் ஓட்டும் வழி இருக்கிறது. அந்த மாத்திரைகளில் ஒன்றான பால்போசிக்ளிப் மருந்தின் காப்புரிமை 2023 ஜனவரியில் முடிந்து இந்தியக் கம்பெனிகளும் தயாரிப்பதால் விலை இறங்கிவிட்டது. முன்பு முடியாது என்று விட்டவர்கள் மறுபடி கேட்கலாம். எலும்புக்கு ஜோலட்ரானிக் ஆசிட் ஊசி போடும் முன் பல் மருத்துவரிடம் காட்டி, பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். வலிக்கு மார்ஃபின் என்றதும் கடைசிக் கட்டம் என்று பயப்பட வேண்டாம், அது வலி மருந்து. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரணச் சிகிச்சையும் உண்டு. கிராமச் சுகாதார நர்ஸிடம் பெயர் கொடுக்கலாம்.

## அக்கா தங்கைக்கு, அண்ணன் தம்பிக்கு

மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. 50 வயதுக்குள் வந்தவர், ட்ரிபிள் நெகட்டிவ் வகை, குடும்பத்தில் இன்னொருவருக்கு மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய் இவற்றில் ஒன்று இருந்தாலும் பிஆர்சிஏ மரபணு ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்க வேண்டும். முதலில் நோய் வந்தவருக்குத்தான் பார்க்க வேண்டும். அவருக்கு மாற்றம் இருந்தால்தான் மற்றவர்களுக்குப் பார்ப்பதில் அர்த்தம்.

குடும்ப விவரம் கேட்கும்போது அமுச்சி, சித்தி, பெரியம்மா என்று அம்மா வழியை மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. அப்பா வழி அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற ஆத்தாவுக்கும் வந்ததும் அதே அளவு முக்கியம், மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். மாற்றம் உள்ள பெண்ணின் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும், ஆணோ பெண்ணோ, அது இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு இருந்தால் அவருக்கு நோய் வராமலேயே அவருடைய மகளுக்குப் போகலாம். ரிப்போர்ட்டின் நகல் அண்ணன் வீட்டுக்கும் போக வேண்டும். போகலாமா என்பதை முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.